மழைத்தண்ணீர் என்று சொல்லித்தான் வழி கேட்டார்கள்

சிங்கப்பூரில் நான் பார்க்கும் வேலையை என் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் நாக்கு வறண்டுவிடும். ஊரிலுள்ள கழிப்பறை நீர் எல்லாம் பூமிக்கடியில், ரயில் பாதைக்கும் கீழே, ஒரு பெரிய சுரங்கத்தில் விழுகிறது. சரிவிலேயே ஓடிக் கடலோரச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்தச் சுரங்கத்தின் சுவர் எங்கே விரிசல் விட்டிருக்கிறது, எங்கே அரித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. திருவாரூரில் என் சித்தப்பா, "இத்தனை வருஷமா கடல் தாண்டிப் போய் சாக்கடையா பாக்குறே?" என்று கேட்பார். ஆமாம் சித்தப்பா என்பேன். அவர் இருக்கும் தெருவில் மழை பெய்தால் அதே சாக்கடையைச் செலவில்லாமல் வாசலிலேயே பார்க்கலாம் என்பதைச் சொல்வதில்லை.

இந்த முறை விடுமுறைக்குக் கிளம்பியபோது செல்வம் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் சுரங்கத்தில் துப்புரவுக் குழுவில் இருக்கும் பையன், கொல்லிமலைக்காரன். பைக்குள் அண்ணன் மகளுக்கு ஒரு பொம்மை, அண்ணிக்குத் தைலம், அண்ணனுக்கு ஒரு டார்ச் லைட். கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றான். வயலுக்கு மேலே ஏதோ குழாய் போட்டிருக்கிறார்களாம். அண்ணன் போனில் வாயைத் திறப்பதில்லை, அண்ணி அழுகிறாள். நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் அக்கா என்றான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, போனேன்.

மலை ஏறும் பஸ்ஸில் என் பக்கத்தில் வளப்பூர் நாடு என்ற மலையூருக்குப் போகும் ஓர் அம்மா, காலடியில் விற்காமல் மிஞ்சிய இரண்டு பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். வளைவுகள் மொத்தம் எழுபது. பாதியில் என் முகம் போன போக்கைப் பார்த்து மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். "மோந்துக்க கண்ணு, சரியாப் போயிரும்" என்றார். சரியாகத்தான் போயிற்று, ஒரு வளைவில் பஸ் நிற்கும் வரை. எதிரே ஒரு கார் குறுக்கே நின்றது. ஓட்டி வந்தவருக்குப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. உடன் வந்த மூவரும் இறங்கி நின்று அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரைவர் இறங்கிப் போனார், காருக்குள் உட்கார்ந்தார், பின்னால் எடுத்து ஓரத்தில் விட்டார், சாவியைக் கொடுத்துவிட்டு வந்து பஸ்ஸை எடுத்தார். அந்த நால்வரும் நன்றி சொன்னார்கள், கையிலிருந்த பாட்டில்களைப் பள்ளத்தில் எறிந்துவிட்டுக் காரில் ஏறினார்கள். எனக்குக் கோபம் வந்த முதல் இடம் அதுதான். பிறகு வந்த கோபங்களோடு பார்த்தால் அதெல்லாம் சில்லறை.

சோளக்காட்டில் இறங்கி அன்னாசிப்பழம் தின்றேன். உப்பும் மிளகாயும் தூவிக் கொடுத்தார்கள், நாக்கை அறுத்தாலும் நிறுத்த மனம் வரவில்லை. செம்மேட்டில் பஸ் மாறி, அருவிக்குப் போகும் வழியில் லாட்ஜுகளாக முளைத்திருக்கும் ஒரு சின்னக் கடைவீதியில் இறங்கினேன். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் தொல்லை வருவது செல்வத்தின் அண்ணனுக்குத்தான், செய்தவர்களுக்கு அல்ல.

நான் தங்கிய லாட்ஜின் முதலாளி அடிவாரத்துக்காரர். கீழே சொந்தமாக மரவள்ளிக் காடு, மேலே லாட்ஜ். மலையில் பல வருடம் மிளகு வாங்கி விற்றவர், வீட்டுக்கு வீடு பழக்கம். போனவுடனே முடவாட்டுக்கால் சூப் கொடுத்தார். பாறையில் படரும் ஒரு கிழங்கு, மயிர் மயிராக ஆட்டுக்கால் போலவே இருக்கும். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தால் ஆட்டுக்கால் தோற்றுவிடும். என் தொழிலைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் ஊரிலும் டன்னல் உண்டு என்றார். முன்பெல்லாம் மழை பெய்தால் கடைவீதியில் முழங்கால் தண்ணீர் நிற்குமாம், டூரிஸ்ட் கார் நகராதாம். இப்போது ரோட்டுக்கு அடியிலேயே பெரிய குழாய் புதைத்து எல்லாத் தண்ணீரையும் பள்ளத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். வாழ்த்துச் சொல்லிவிட்டு இரண்டாவது கிண்ணம் சூப் குடித்தேன்.

மறுநாள் காலை செல்வத்தின் அண்ணன் பொன்னுசாமி வீட்டுக்கு இறங்கிப் போனேன். கடைவீதிக்கு நேர் கீழே, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய தோட்டத்தைத் தாண்டினால் படிப்படியாக நெல் வயல். மூக்குக்கு முதலில் தெரிந்துவிட்டது. தொழில்முறையில் சொல்கிறேன், இந்த விஷயத்தில் என் மூக்கு ஏமாறாது.

வயலுக்கு மேல் கரையில் ஒரு சிமெண்ட் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது, ஆள் தவழ்ந்து நுழையும் அளவு. முந்தின நாள் மழையே இல்லை. ஆனாலும் கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. மேல் வயலில் நெல் அழுகி மஞ்சளாகப் படுத்திருந்தது. குழாயின் வாயில் சிக்கியிருந்த குப்பைக்கு நடுவே ஒரு பச்சைக் காகிதம். குனிந்து பார்த்தேன். லாட்ஜில் எனக்குக் காலையில் கொடுத்த அதே குட்டி சோப்பின் உறை.

அப்போதுதான் உறைத்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் சங்கிலியை இழுத்து அனுப்பியதும் இதில்தான் வந்திருக்க வேண்டும். செல்வத்தின் அண்ணன் வயலுக்குப் பொம்மையும் தைலமும் கொண்டுவருவதற்கு முன்பே இதை அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது, பிறகு அது கோபமாகி நான்கு நாள் இறங்கவே இல்லை.

செல்வத்தின் அண்ணி வெள்ளையம்மா என்னை வயலுக்குக் கீழே கூட்டிப்போனார். அங்கே பாறை இடுக்கில் ஓர் ஊற்று. கல் கட்டி, மேலே பலகை போட்டு, சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் குடிப்பதற்கு எடுக்கும் ஊற்று. இப்போது அதன் மேல் வெள்ளை நுரை வட்டம் வட்டமாக நின்றது. அவருடைய சின்ன மகள் வயிற்றுப்போக்கில் விழுந்து, அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருக்கிறாள். பொம்மையைக் கொடுத்தேன், சிரித்தாள். கை குச்சியாக இருந்தது. குடிதண்ணீருக்கு இப்போது மேட்டுக்கு மேலே இருக்கும் வேறோர் ஊற்றுக்கு நடக்கிறார்கள், போக ஏற்றம், வர இறக்கம், தலையில் குடம்.

வாசகர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி என்று பிரிப்பதுதான் என் தொழிலின் அரிச்சுவடி. உலகத்தின் பழைய நகரங்கள் சிலவற்றில் இரண்டும் ஒரே குழாயில் போகும்படி அந்தக் காலத்திலேயே கட்டிவிட்டார்கள். பெருமழையில் குழாய் கொள்ளாமல் கழிவோடு ஆற்றில் கொட்டும். அதைத் தடுக்கத்தான் ஆழத்தில் சுரங்கம் தோண்டி, மிஞ்சுவதை அங்கே பிடித்துவைத்து, மழை நின்றதும் சுத்திகரிப்புக்கு இறைக்கிறார்கள். பழைய தப்புக்குச் செலவழித்து வைத்தியம் செய்கிறார்கள் என்று பொருள். சிங்கப்பூரில் தெருவோர மழைக் கால்வாயில் நான் ஒரு காகிதத்தைக்கூடப் போடமாட்டேன், ஏனென்றால் அந்தக் கால்வாய் போய்ச் சேருவது நாங்கள் குடிக்கும் ஏரிக்கு. இங்கேயும் குழாய் போய்ச் சேருவது குடிக்கும் ஊற்றுக்குத்தான். நடுவே ஒரு சுத்திகரிப்புத் தொட்டியும் இல்லை, கொஞ்சம் மனசாட்சியும் இல்லை. மண்ணுக்கடியில் மறைத்துவிட்டால் அதற்கு டன்னல் என்று பெயர் வைத்துவிடலாமா? போய்ச் சேருவதற்கு ஓர் இடம் இல்லாமல் தோண்டுகிற குழி எல்லாம் அடுத்தவன் தலையில் கொட்டுகிற குழிதான்.

பொன்னுசாமியிடம், உங்கள் நிலத்தில் இதை எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். வெள்ளையம்மாதான் சொன்னார். மலையில் வயல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. மேல் வயல் தண்ணீர் கீழ் வயல் வழியாகத்தான் அடுத்தவனுக்குப் போக முடியும். அதனால் தண்ணீருக்கு வழி கேட்டு ஒருவர் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தால் முடியாது என்று சொல்வது இவர்கள் வழக்கத்தில் இல்லை. வெற்றிலையை ஆம்பிளை கை நீட்டி வாங்கினால் சொல் கொடுத்தாயிற்று. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. லாட்ஜ் முதலாளிக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். குழாய் ஒப்பந்தக்காரரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு அவர்தான் வந்திருக்கிறார். மழைத்தண்ணீர் போக வழி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பொன்னுசாமிக்குச் சந்தோஷம். கடைவீதித் தண்ணீர் வயலுக்கு வந்தால் லாபம்தானே? வாங்கிக்கொண்டு, கோழி அடித்து, சாமைச்சோறு போட்டு அனுப்பியிருக்கிறார். குழாயின் வாயிலிருந்து வயலுக்கு மடையை வெட்டியதும் அவரே.

முதல் மழைக்காலம் நல்ல தண்ணீர் வந்தது. பிறகு மேலே லாட்ஜுகள் ஒவ்வொன்றாகக் குழாயில் ஓட்டை போட்டுத் தங்கள் கக்கூஸைச் சேர்த்துவிட்டன.

"அடைச்சுருலாமுன்னு நான் சொல்லாத நாளில்லீங்க. வெத்தல வாங்குன கை, அடைக்கக் கூடாதுங்கறாரு. புள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் அதத்தான் சொன்னாரு" என்றார் வெள்ளையம்மா.

எனக்குப் பொன்னுசாமியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் உலுக்குவதற்கு அங்கே ஏதும் மிச்சமில்லை. ஊரில் மற்றவர்களும் அப்படித்தான். பொன்னுசாமி வாங்கிய வெற்றிலை ஊர் வாங்கிய வெற்றிலை. வழி விட்டதை மறித்தான் என்ற பெயர் எடுத்தால் நாளை யாரும் யாருக்கும் மடை திறக்கமாட்டார்கள் என்ற பயம். நல்ல வழக்கம்தான். நல்லவர்களுக்குள் இருக்கும் வரை.

அன்றே லாட்ஜைக் காலி செய்துவிட்டு வெள்ளையம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்கும் போனேன். அங்கே இருந்தவர், எங்கள் வேலை மழைநீர்க் குழாய் போடுவது, போட்டுவிட்டோம், அதில் யாராவது வேறு எதையாவது விட்டால் அது வேறு துறை என்றார். வேறு துறையில் இருந்தவர், குழாய் எங்களுடையது இல்லை என்றார். இரண்டு பேரும் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார்கள். மலையில் மரியாதைக்குக் குறைவில்லை.

வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தால் சொல்லிலிருந்து விடுபடலாமா என்று பொன்னுசாமியைக் கேட்டேன். யோசித்தார். கொடுத்தவர் வாங்கிக்கொண்டால் சரி என்றார். அடுத்த நாள் அவர் வெள்ளை வேட்டி கட்டி, கடையில் புது வெற்றிலை வாங்கித் தட்டில் வைத்துக்கொள்ள, நான், வெள்ளையம்மா, அவர் மூவரும் லாட்ஜுக்குப் போனோம். முதலாளி எங்களை உட்காரச் சொன்னார். பொன்னுசாமி தட்டை நீட்டி நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

முதலாளி தட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார். "குடுத்த வெத்தலயத் திருப்பி வாங்குனா எனக்குங் கேவலம், உங்களுக்குங் கேவலமுங்க பொன்னுசாமி. ஏனுங்க, நமக்குள்ள அப்புடியா பழகியிருக்கறோம்?"

கக்கூஸை ஏன் மழைக்குழாயில் சேர்த்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை, எனக்குப் பாடம் எடுத்தார். அடியில் பாறையாம், செப்டிக் டேங்க் கட்டினால் சீக்கிரம் நிரம்பிவிடுமாம். உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டால் எழுபது வளைவு ஏறாது என்கிறார்களாம். மழைத்தண்ணீரோடு கலந்துவிட்டால் அது ஒன்றும் செய்யாது என்றார். அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தை இதோ இந்த அம்மாவின் பிள்ளை என்றேன். வருத்தமாகத் தலையாட்டினார். நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "சூப்பு குடிச்சிட்டுப் போலாம் இரு சாமி" என்றார் அவர். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கையை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

இறங்கி வரும் வழியில் பொன்னுசாமி வெற்றிலையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். வெள்ளையம்மா முன்னால் போனார். வயல் வரப்பில் ஏறியதும் சட்டென்று நின்று திரும்பினார்.

"வெத்தல வாங்குனது நீங்க. எங்கிட்ட ஆரும் வெத்தல குடுக்கலீங்க."

பொன்னுசாமி அவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு, செம்மேட்டுச் சந்தைக்குப் போய்விட்டு நாளைக்குச் சாயந்தரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றும் சந்தை இல்லை, மறுநாளும் சந்தை இல்லை. அந்தப் பொய்க்காக அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியை விட்டுக்கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பெண்கள் வந்தார்கள், அந்த ஊற்றில் தண்ணீர் எடுக்கிறவர்கள் அத்தனை பேரும். ஆண்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வெற்றிலை வாங்காத கைகள் மட்டும் என்று கணக்கு. அடைத்தால் இது எங்கே போகும் என்று வெள்ளையம்மா என்னைக் கேட்டார். குழாய் நிரம்பிப் பின்னுக்கு ஏறும், வழியில் எது தாழ்வான திறப்போ அதில் வெளியே வரும் என்றேன். குழாயின் நடுவே ஆள் இறங்கிப் பார்க்க இருந்த ஒரே திறப்பின் மூடியை நாற்றம் வருகிறதென்று லாட்ஜ் முதலாளியே சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார். அப்படியானால் அடுத்த திறப்பு, ரோட்டு மட்டத்துக்கும் கீழே இருக்கும் அவர் லாட்ஜின் கீழ்த்தள பாத்ரூம்கள். இதைச் சொன்னபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "அவுங்களுது அவுங்களுக்கே போவுது" என்று சொல்லிச் சாக்கில் மண்ணை அள்ளினார்.

வயல் மடையை அடைக்கிற மாதிரியேதான் அடைத்தார்கள். வைக்கோலைப் புரியாகத் திரித்துக் களிமண்ணில் புரட்டி உள்ளே திணித்து, அதன்மேல் கல், அதன்மேல் மண் சாக்கு. நிரம்பினால் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று ஒரு சில்வர் ஓக் தடியைக் குறுக்கே முட்டுக் கொடுக்கச் சொன்னேன். நானும் சாக்கு சுமந்தேன். சம்பளத்துக்குச் சுரங்கத்தை அடைபடாமல் காக்கிற நான், சேற்றில் நின்று ஒரு குழாயை அடைத்தேன். கைகூசவில்லை. உடம்பெல்லாம் நாறியது, பசித்தது. வெள்ளையம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். அன்றைக்குச் சாப்பிட்டது போல நான் விடுமுறையில் வேறெங்கும் சாப்பிடவில்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. அடைப்பு கொஞ்சம் கசிந்தது, ஆனால் நின்றது. நான் குடையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு ஏறினேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், மறைக்கமாட்டேன். லாட்ஜின் கீழ்த்தளத்தில் ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் தங்கியிருந்த அறையிலிருந்து கறுப்புத் தண்ணீர் வாசலைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தது. ஒரு குடும்பம் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கத்தியது. முதலாளி என்னைப் பார்த்தார். எஞ்சினியரம்மா, நீங்களே இப்படிப் பண்ணலாமா என்று கேட்டார். மழைத்தண்ணீரோடு கலந்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்று அவர் சொன்னதை அவருக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கடைவீதியில் ஒரு லாரிச் சத்தம். கழிவை உறிஞ்சும் லாரி. இத்தனை நாளாக எழுபது வளைவு ஏறாத லாரி, அவருடைய வராந்தா நாறியதும் மறுநாள் இட்லி வேகிற நேரத்துக்கெல்லாம் ஏறிவிட்டது. அதைப் பார்த்தபோது வந்த கோபம்தான் இருப்பதிலேயே பெரிது. ஒரு குழந்தையின் வயிற்றுக்கு ஏறாத வண்டி ஒரு தரை விரிப்புக்கு ஏறுகிறது.

லாரி வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி பொன்னுசாமி வீட்டுக்கு இறங்கி வந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார், கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே ஒரு சீப்பு வாழைப்பழம். முந்தின நாள் மாலையே ஊர் திரும்பியிருந்த பொன்னுசாமி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி அவரைத் தாண்டி வந்து, வாழ்க்கையில் முதல் முறையாக இருக்கும், தட்டை ஒரு பெண்ணிடம் நீட்டினார். கக்கூஸ் பைப்பை எல்லாம் எடுத்துவிடுகிறேன், கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் தண்ணி போக வழி விடு தாயீ என்றார். பொன்னுசாமி எழுந்து நின்று மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளையம்மா கை நீட்டவில்லை.

"தண்ணியா இருந்தா வெத்தல இல்லாமயே வழி விடுவனுங்க" என்றார்.

பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டு ஊற்றுக்கு ஏறிப் போனார். கீழ் ஊற்றில் நுரை இன்னும் அப்படியே இருந்தது.